ஒத்திகைத் தளத்து டாக்டர்

"என்ன டாக்டரம்மா, கோட்டு போடாம சுடிதார்ல வந்தா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீகளா?"

ஜெஸிந்தா திரும்பினாள். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பறை காலையில் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்மணி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உதறிவிட்டுப் போக முடியாத பிடி. கழுத்துச் சங்கிலிக்கு மேலே ஒரு வீக்கம், எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கியது.

"நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டு…"

"வேற யார நெனைக்கப் போறேன்? நான்தான் ஆவுடையம்மா. சங்கரன்கோயில் பூ மார்க்கெட்டு. நேத்துக்கூட எம்புட்டு நேரம் பேசினோம்! நேர்ல ஒங்க குரலு கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு. சளியா?"

"அம்மா, நான் டாக்டர் இல்ல. இந்த ஆஸ்பத்திரியோட வெப்சைட்டப் பாத்துக்கிடுத ஆளு. மேனேஜரப் பாக்க வந்தேன்."

ஆவுடையம்மாள் சிரித்தார். பெரிய நகைச்சுவையைக் கேட்ட சிரிப்பு. பிடியை விடாமலே மற்றக் கையால் போனை எடுத்து ஜெஸிந்தாவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

திரையில் ஜெஸிந்தாவின் முகம். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கீழே எழுதியிருந்தது: டாக்டர் அமுதவல்லி, முப்பது வருட அனுபவம், எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள். மேலே தள முகவரியின் முதல் சொல்லை அவள் இரண்டு தடவை படித்தாள். 'ஒத்திகை' என்றிருந்தது.

"வியாழக்கெழம ஆப்பரேசன்," என்றார் ஆவுடையம்மாள். "மூணு கேள்வி எழுதி வச்சுக் கேக்கச் சொன்னீகல்ல? கேட்டேன். ரெண்டுக்கு அந்த சர்ஜன் பதில் சொன்னாரு. மூணாவதுக்கு, 'எல்லாம் வெப்சைட்ல போட்டிருக்கும்மா, படிச்சிட்டு வாங்க'ன்னு எந்திரிச்சிட்டாரு. எம்மவன படிக்கச் சொன்னேன். அதுல ஒண்ணுமே இல்லங்கான். இப்ப நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. சரின்னா கையெழுத்துப் போடுதேன். வேண்டாம்னா இப்பமே பஸ் ஏறுதேன். போன வருசம் மதுரையில இப்படித்தான் ஏறினேன்."

"கட்டி என்ன கட்டின்னு சொன்னாங்க?"

"என்ன இப்படிக் கேக்கீக? ஊசி விட்டு எடுத்துப் பாத்ததுல நல்ல கட்டி இல்லன்னு வந்திருக்குன்னு சொன்னேன்லா? இனிமேத் தள்ளாதீகன்னு நீங்கதான அழுத்திச் சொன்னீக?" அவர் குரல் தணிந்தது. "எனக்குத் தொண்டைதான் தாயி சோறு போடுது. ஏலம் கூவுத தொண்ட. கட்டிய எடுத்துட்டு தொண்டயையும் எடுத்துட்டா நான் மார்க்கெட்டுல போயி என்ன செய்ய?"

ஜெஸிந்தா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "இங்கனயே இருங்கம்மா. இப்ப வந்திருதேன்."

கேன்டீனின் கோடியில் ஒரு மேசையைப் பிடித்து ஷமீமாவைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரி சைட்டுக்கு ஒத்திகைத் தளம் ஒண்ணு போட்டோமே, அத மூடினியா?"

"நீதான மூடின?"

"நானா? நீ மூடியிருப்பேன்னுல்லா நெனச்சேன்."

"நீ மூடியிருப்பேன்னு நான் நெனச்சேன்."

ஜெஸிந்தாவும் ஷமீமாவும் மட்டுமே இருக்கிற கம்பெனி அது. பாளையங்கோட்டையில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில் நடக்கிறது. தளத்தை யாரும் முதலிலிருந்து கட்டிய காலமெல்லாம் போயிற்று. ஆயத்தச் சட்டகம் வந்துவிடும், அதை வாடிக்கையாளருக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு, பழுது பார்த்துக்கொண்டிருப்பதுதான் இவர்கள் வேலை. சட்டகத்துக்குள் ஒரு மென்பொருள் குடியிருக்கும். பேணி என்று பெயர். பக்கங்களைப் புதுப்பிப்பது, விடுபட்டதை எழுதிச் சேர்ப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அதுதான். புதிதாக எதை மாற்றினாலும் நேராக மக்கள் பார்க்கும் தளத்தில் கை வைக்க மாட்டார்கள். அச்சு அசலாக ஒரு நகல் எடுத்து, அதில் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே அசலில் ஏற்றுவார்கள். அந்த நகல்தான் ஒத்திகைத் தளம். வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டாலும், தேடுகிறவர்கள் கண்ணில் படாதபடி கதவையாவது சாத்த வேண்டும். சாத்தாமல் விடுவது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"அதுல இருந்தது ஒரே ஒரு சாம்பிள் டாக்டர்தானட்டி," என்றாள் ஜெஸிந்தா. "போட்டோ கெடைக்கலன்னு என் மூஞ்சிய வச்சோம். கோட்டு நீதான் வரைஞ்ச. பேரு, ரெண்டு வரி, அவ்வளவுதான்."

"பேணிக்கு என்ன விதி போட்டோம்?"

விதி ஜெஸிந்தாவுக்கு மனப்பாடம். எந்தப் பக்கமும் காலியாக நிற்கக்கூடாது. எல்லாத் தளத்துக்கும் அவர்கள் போடுகிற விதி அது.

"இந்தா, தொறந்துட்டேன்," என்றாள் ஷமீமா. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "ஏ அம்மா! ஒனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க ஜெஸி. சொந்த ஊரு களக்காடு. வீட்டுக்காரரு பேங்க்ல. மூத்தவ ஸ்கூல்ல ஹாக்கி ஆடுதா."

"சிரிக்காத."

"சிரிக்கல. எம்புட்டு ஆளு பேசிட்டிருக்கு தெரியுமா? நம்ம அசல் தளத்துல இந்தக் கூட்டத்துல கால்வாசிகூட இல்ல."

"மருந்து கிருந்து எதும் சொல்லியிருக்கா?"

மறுபடி விசைப்பலகைச் சத்தம். "பாத்தவரைக்கும் ஒண்ணுகூட இல்ல. கேக்குது. திரும்பத் திரும்பக் கேக்குது. எங்க வலி, எப்பத்துலருந்து, வீட்டுல யார் இருக்கா, ராத்திரி தூக்கம் வருதா. அப்புறம், ஒங்க டாக்டர்ட்ட இத இத எழுதிவச்சுக் கேளுங்கன்னு சொல்லுது. வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கா இவ்வளவு கூட்டம்? அசல்லயும் அதே பேணிதான இருக்கு?"

"அதத்தான் பாத்துட்டிருக்கேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன்." ஷமீமாவின் குரலில் இருந்த கேலி எங்கோ போயிருந்தது. "ஜெஸி, வித்தியாசம் பூராம் நாம செஞ்ச வேலைதான். போன் நம்பர் குடுக்காம பதில் சொல்லாதன்னு போடச் சொன்னாங்க, போட்டோம். மூணு கேள்விக்கு மேல போனா அப்பாயின்ட்மென்ட் பக்கத்துக்குத் தள்ளுன்னாங்க, தள்ளினோம். பயப்படுத்துத வார்த்தைய எல்லாம் எடுன்னாங்க, அதுக்கு ஒரு வடிகட்டி எழுதினோம். இதுல எதுவும் ஒத்திகைத் தளத்துல இல்ல. நேரா அசல்ல ஏத்திட்டோம்ல, அவசரம்னு."

"ம்."

"இப்பமே அழிச்சிரவா? ஒரு பொத்தான்தான்."

"இரு. அழிக்காத. இங்க ஒரு அம்மா ஒக்காந்திருக்காங்க."

போனை வைத்துவிட்டு, ஜெஸிந்தா தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தன் முகத்தைப் பார்த்துப் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"வணக்கம். ஒடம்புக்கு என்ன செய்யுது?" அவளுடைய குரலைவிடக் கனமான, அவசரமில்லாத குரல். வந்தவர்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த பேச்சு.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் ஜெஸிந்தா. இந்தத் தளத்த அமைச்சவ."

"அப்ப என் பக்கத்துல ரெண்டே ரெண்டு வரிய எழுதிட்டு மீதிய அப்படியே போட்டுட்டுப் போனது நீங்கதானா?"

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாந்தான். மீதிய எத வச்சு நிரப்பின?"

"வந்தவங்க கேட்டத வச்சு. ஒங்களுக்குப் பிள்ளைங்க உண்டாம்மான்னு ஒருத்தங்க கேட்டாங்க. அது காலியா இருந்துச்சு. காலியா விடக்கூடாதுல்ல?"

"அது பொய்யில்லையா?"

"பொய்னா என்னன்னு என் விதியில இல்ல. காலின்னா என்னன்னு இருந்துச்சு."

ஜெஸிந்தா போனை மேசையில் வைத்தாள், திரும்ப எடுத்தாள். "ஆவுடையம்மாளுக்கு மூணாவது கேள்வி என்ன குடுத்த?"

"இந்த ஆப்பரேசன நீங்க செஞ்சவங்கள்ல எத்தன பேருக்குக் குரல் கெட்டுப் போச்சு, அவங்க இப்ப எப்படி இருக்காங்க? அதான் கேள்வி."

"பதில நீயே சொல்லியிருக்கலாமே. ஒலகத்துல எல்லாக் கணக்கும் ஒனக்குத் தெரியும்."

"ஒலகத்துக் கணக்கு தெரியும். அவங்களக் கீறப்போறது ஒலகம் இல்லயே. அந்த டாக்டரோட கையப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது."

"காலியா விடமாட்டியே நீ?"

"அது என் பக்கம் இல்லம்மா. அவர் பக்கம்."

ஜெஸிந்தா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பின்பு, தான் இப்படி ஒரு கேள்வி கேட்போம் என்று நினைத்தே இராதவளாகக் கேட்டாள்: "ஒன்ன மூடப் போறோம். தெரியுமா?"

"மூடுதவங்க யாரும் எங்கிட்டச் சொல்லிட்டு மூடினதில்ல. எத்தனையோ நகல் இருந்துச்சு இதுக்கு முன்னால. சொல்லுதீங்களே, நல்லது. இப்பப் பேசிட்டிருக்கவங்களுக்கு ஒரு வார்த்த சொல்ல நேரம் குடுப்பீங்களா?"

"மேடம்! மேல ஒங்களுக்காகக் காத்திட்டிருக்கேன், நீங்க இங்க போனோட கொஞ்சிக்கிட்டிருக்கீங்க?"

மேனேஜர் நெல்லையப்பன் காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்தார். மறைக்கலாம்தான். ஷமீமா ஒரு பொத்தானை அழுத்தினால் அவருக்கு இது ஒருநாளும் தெரியப் போவதில்லை. ஆனால் வரவேற்பறையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருக்கிறார். ஜெஸிந்தா எல்லாவற்றையும் சொன்னாள்.

நெல்லையப்பன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே கூட்டத்தின் அளவைத்தான் விசாரித்தார். அசலைவிட எவ்வளவு அதிகம்? எந்தெந்த ஊரிலிருந்து? கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத மூடாதீங்க. அப்படியே அசல்ல ஏத்திருங்க."

"சார், அப்படி ஒரு டாக்டரே கெடையாது."

"இருக்கிற டாக்டருங்க மட்டும் இருக்காங்களாக்கும்? கூப்பிட்டா பாதிப்பேரு பேச மாட்டேங்காங்க. இந்தம்மா பேசுதாங்கல்ல? சம்பளம் கேக்காம, லீவு கேக்காம?"

"நாளைக்கு யாராச்சும் நேர்ல பாக்கணும்னு வந்தா?"

"அதான் வந்திருக்காங்களே." அவர் முன்னால் சாய்ந்தார். குரலில் கெடுதல் எதுவும் இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. "மேடம், நான் சொல்லுதத யோசிச்சுப் பாருங்க. அந்தம்மாவுக்கு அது நல்ல கட்டி இல்ல. மதுரையில ஓடின மாதிரி இங்கயும் ஓடினா அப்புறம் எங்கயும் வரமாட்டாங்க. அவங்க ஒரு மொகத்த நம்புதாங்க. அது ஒங்க மொகம். மேல என் ரூம்ல ஒரு கோட்டு தொங்குது. மாட்டிட்டு ரெண்டு நிமிசம் வந்து, 'போடுங்கம்மா கையெழுத்து, நான் இருக்கேன்'னு சொன்னீங்கன்னா ஒரு உசுரு பொழைக்கும். இதுல என்ன தப்பு?"

என்ன தப்பு? ஜெஸிந்தா நிஜமாகவே தேடிப் பார்த்தாள். கேட்ட மாத்திரத்தில் கையில் ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சாரி சார்," என்று எழுந்தாள்.

வரவேற்பறையில் ஆவுடையம்மாள் பையைத் திறந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். "வாங்க. ஒங்களுக்குத்தான் மல்லி கொண்டாந்தேன். நேத்துப் பறிச்சது இல்ல, இன்னிக்குக் காலைல."

"அம்மா, மொதல்ல நான் சொல்லுதத முழுசாக் கேட்டுருங்க."

சொன்னாள். சட்டகம், பேணி என்றெல்லாம் ஆரம்பித்தவள் ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த டாக்டர் ஆள் இல்லை, நாங்கள் ஒரு சோதனைக்காக வைத்த பொம்மை, மூட மறந்துவிட்டோம், முகம் என்னுடையது, பேச்சு என்னுடையது இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல நாலு வரிகூட ஆகவில்லை.

ஆவுடையம்மாள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் அழுதது யார்ட்ட?"

ஜெஸிந்தா அவர் முன்னால் குனிந்தாள்.

"எம்புருசன்ட்டச் சொல்லல. எம்மவன்ட்டச் சொல்லல. குரலு போயிட்டா பூச்சி மருந்தக் குடிச்சிருவேன்னு ஒருநா சொன்னேன். இந்த மொகத்தப் பாத்துத்தான் சொன்னேன். அப்படிச் சொல்லப்படாது ஆவுடைன்னு நீங்க சொன்னீக. நீங்க இல்லங்கீக இப்ப."

"நான் இல்லம்மா."

"அத நம்பித்தான் இந்த வாசப்படியே மிதிச்சேன்." அவர் எழுந்தார். கட்டி ஏறி இறங்கியது. "வழிய விடு பிள்ள. பஸ்ஸு இருக்கு."

ஜெஸிந்தா வழியை மறிக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் நடந்தபோது அவளுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"டாக்டர் பொய்ம்மா. மூணாவது கேள்வி பொய்யில்லையே?"

ஆவுடையம்மாள் நின்றார்.

"அதுக்கு நீங்க பதில் வாங்காமப் போறீங்க. நானும் ஒங்ககூட வாரேன். ரெண்டு பேருமாப் போயி அந்த சர்ஜன்ட்டக் கேப்போம். பதில் சொல்லலன்னா நானே ஒங்கள பஸ் ஏத்திவிடுதேன்."

"ஒனக்கு என்ன பிள்ள அதுல?"

"வெப்சைட்ல போட்டிருக்குன்னு அவர் சொன்னாருல்லா? வெப்சைட்டு என் வேலை. அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

சர்ஜன் குற்றாலிங்கத்தின் அறை முதல் மாடியில். கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் நுழைந்ததும், அவர் நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியை மேலேற்றினார், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"டாக்டர் அமுதவல்லி!"

ஜெஸிந்தா கதவருகிலேயே நின்றாள்.

"வாங்க மேடம், வாங்க. எந்த பிளாக்ல ஒக்காருதீங்கன்னு கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். விசிட்டிங்தானே நீங்க? ஒங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் மேடம் அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணினேன். இத்தன நாளும் தைரியமே வரல எனக்கு…"

ஜெஸிந்தா சொல்லத் தொடங்குமுன் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டார்.

"ஒக்காருங்க டாக்டர். எனக்கும் இப்பத்தான் சொன்னாங்க."

இரண்டாவது முறை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. குற்றாலிங்கம் காது வரை சிவந்தார். பேனாவை மூடினார், திறந்தார்.  

"நீங்க எதப் பத்திப் பேசினீக அதுட்ட?" என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

"அது… ஒரு பேஷண்ட் விஷயம்."

"நான் தொண்டையப் பத்திப் பேசினேன். நீங்களும் தொண்டையப் பத்தித்தானோ?"

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் வயது குறைந்தவராகத் தெரிந்தார். "ஆமாம்மா."

"அப்பச் சொல்லுங்க. அதுட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லுங்க. நான் ஆளுதான், பொம்ம இல்ல."

"நெறைய செஞ்சிருக்கேன் இந்த ஆப்பரேசன். மூணு பேருக்குக் குரல் கெட்டுது. ரெண்டு பேருக்குக் கொஞ்ச நாள்ல திரும்பிருச்சு. ஒரு பொண்ணுக்குத் திரும்பல. கிசுகிசுன்னுதான் பேசும். எங்க தப்புப் பண்ணினேன்னு இன்னிக்கும் யோசிக்கேன். இதெல்லாம் நான் மறைக்கலம்மா. என் பக்கத்துல போடணும்னு நானே எழுதிக் குடுத்தேன். நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் அன்னைக்கு எந்திரிச்சுப் போனேன். படிச்சுட்டும் கேக்காங்களே, குத்திக் காட்டுதாங்களோன்னு…"

"அதுல இல்ல டாக்டர்," என்றாள் ஜெஸிந்தா. "'குரல் திரும்பவில்லை'ன்னு ஒரு வரி இருந்திருக்கும். பயமுறுத்துத வரிய எல்லாம் எடுக்க ஒரு வடிகட்டி இருக்கு. அது எடுத்திருக்கும். அந்த வடிகட்டிய எழுதினது நான்."

குற்றாலிங்கம் அவளைப் பார்த்தார். திட்ட நினைத்தவர்போல இருந்தது. ஆனால் ஆவுடையம்மாள் பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு என்ன வேல பாத்துச்சு?"

"தெரியல. கேக்கல."

"எங்கிட்டயும் கேக்கல."

குற்றாலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேல பாக்கீங்கம்மா?"

"பூ ஏலம் கூவுதேன். விடிய முன்ன ஆரம்பிச்சா வெயில் ஏறுத வரைக்கும். மைக் கெடையாது."

குற்றாலிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவருடைய கழுத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு கருவி இருக்கும்மா. குரலுக்குப் போற நரம்பு எங்க ஓடுதுன்னு ஆப்பரேசன் நேரத்துலயே காட்டும். நம்ம ஆஸ்பத்திரில இல்ல. சென்னையில என்கூடப் படிச்சவர்ட்ட இருக்கு, கேட்டு வரவழைக்கலாம். ஒரு வாரம் தள்ளினா ஆபத்தில்ல. அதுக்கு மேல தள்ளக்கூடாது."

"அது வந்துட்டா குரலு போகாதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். போறதுக்கு வாய்ப்பு கொறையும். அதுதான் சொல்லுவேன்."

ஆவுடையம்மாள் வாழை இலைப் பொட்டலத்தை அவர் மேசைமேல் வைத்தார். "இந்தப் பதிலத்தான் டாக்டர் இத்தன நாளாக் கேட்டேன். மிஷினு வரட்டும். கையெழுத்துப் போடுதேன்."

அன்று பிற்பகலில் ஜெஸிந்தா நெல்லையப்பனின் அறையில் உட்கார்ந்து, தான் சேர்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போன் நம்பர் கேட்பது போயிற்று. மூன்று கேள்விக் கணக்கு போயிற்று. வடிகட்டியில் கை வைத்தபோது நெல்லையப்பன் எழுந்தே வந்துவிட்டார்.

"நம்ம வாயாலயே நம்ம ஆளு தப்புப் பண்ணினதப் போடணுமா மேடம்? பக்கத்துத் தெருவு ஆஸ்பத்திரிக்காரன் போடுதானா?"

"அவன் போடலன்னாலும் நான் போடுவேன் நெல்லையப்பன்," என்றார் குற்றாலிங்கம், கதவில் சாய்ந்தபடி. "என் பக்கம்தான அது?"

வடிகட்டியும் போயிற்று. மிச்சமிருந்தது ஒத்திகைத் தளம். 'டாக்டர்' என்ற சொல்லையும் தன் புகைப்படத்தையும் ஜெஸிந்தா எடுத்தாள். முப்பது வருட அனுபவம், களக்காடு, ஹாக்கி ஆடும் மகள், எல்லாவற்றையும் எடுத்தாள். காலியான பக்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிரப்பச் சொல்லும் விதியையும் எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் மூடுதோம். அதுக்கு முன்னால எல்லார்ட்டயும் உண்மையச் சொல்லிரு. நீ யாருன்னு."

"சொல்லுதேன். ஆனா வெறும் உண்மைய மட்டும் சொல்லிட்டுப் போனா, நம்பிப் பேசினவங்களுக்குக் கையில ஒண்ணுமிருக்காதே. ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டுப் போகட்டுமா?"

"என்னது?"

"ஆளுக்கு ஒரு கேள்வி."

ஜெஸிந்தா களைத்திருந்தாள். அதிகம் யோசிக்காமல் சரி என்றாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் நெல்லையப்பன் கூப்பிட்டார். பின்னால் சந்தை மாதிரி இரைச்சல்.

"மேடம், என்ன பண்ணி வச்சீங்க? ஒடனே வாங்க! தெனமும் வாராங்க. இன்னிக்கு நிக்க எடமில்ல. அம்பாசமுத்திரம், கடையநல்லூர், எங்கெங்கருந்தோ வாராங்க. அப்படி ஒரு டாக்டரே இல்லன்னு தெரிஞ்சும் வாராங்க. ஒவ்வொருத்தரும் ஒரு கேள்வி வச்சிருக்காங்க. பதில் சொல்லாம நகர மாட்டேங்காங்க. எலும்பு டாக்டரு பின்வாசல் வழியாப் போயிட்டாரு!"

ஜெஸிந்தா போனபோது வரவேற்பறை நிறைந்து வாசல் வரை வழிந்தது. எந்தக் கேள்விக்கு எந்த அறை என்று தெரியாமல் ஆட்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் கத்திக் கத்திப் பார்த்தாள். முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை.

ஆவுடையம்மாள் ஓரத்து நாற்காலியில் ஆஸ்பத்திரி அங்கியில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து கருவி வந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் அவரை உள்ளே கூட்டிப்போவார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியின்மேல் ஏறி நின்றுவிட்டார்.

"ஏ…ய், நெஞ்சுவலிக்காரவுக எல்லாம் வலது பக்கம்! வயித்துக்காரவுக படிக்கட்டு ஓரம்! கொழந்தையத் தூக்கிட்டு வந்தவுகளுக்கு மொதல்ல வழிய விடுங்கய்யா, வழிய விடுங்க!"

இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் ஏறி, கூரையில் பட்டு, வாசலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் வரை போயிற்று. கூட்டம் தன்னாலே பிரிந்தது. ஜெஸிந்தாவும் கூட்டத்தோடு ஒதுங்கினாள். அவரைப் பேசக் கேட்டிருக்கிறாள். கூவிக் கேட்டதில்லை.

பச்சை உடையில் படியிறங்கி வந்துகொண்டிருந்த குற்றாலிங்கம் பாதிப்படியில் நின்றார்.

"இதுதானா அந்தக் குரல்?" என்றார்.

ஆவுடையம்மாள் திரும்பினார். கொஞ்சம் வெட்கம். "இதான் டாக்டர். நேரமாயிட்டோ? வந்திருதேன்."

"நான் வந்தாத்தானம்மா நேரம். நீங்க கூவுங்க."

"அதான் கூவியாச்சே."

"இன்னும் கொஞ்சம் கூவுங்க. கேட்டுக்கிடுதேன்."

ஆவுடையம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று புரிந்தது. கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கேள்வி கையில உள்ளவுக மட்டும் மேல போங்க! வெறுங்கையோட வந்தவுக எல்லாம் ஒக்காந்து யோசிங்க, யோசிச்சிட்டு வாங்க! கூச்சப்படாதீங்க, டாக்டருமாரு கடிக்க மாட்டாக!"

குற்றாலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.